கெச்சாக் ஆட்டத்தில் கைகள் உயர்ந்த கதை

மனிதன் பேசினால் குரங்குக்கும், குரங்கு பேசினால் மனிதனுக்கும் புரிந்த அந்தக் காலத்தில், பாலித் தீவின் மலையடிவாரத்தில் மெனூ என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரே மகள், ஐந்து வயது ரஸ்னி.

அந்தத் தீவில் பொல்லாத காய்ச்சல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் இருக்கும் இடத்தில் அது நுழையாது. சத்தம் நின்றால் போதும், வந்துவிடும். அதனால் ஊரார் வெண்கலச் சேகண்டிகளை மாறி மாறித் தட்டி அதை விரட்டிவந்தார்கள். அந்த ஆண்டு வந்த வெள்ளம் சேகண்டிகளை எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. பிறகென்ன, காய்ச்சலுக்குக் கொண்டாட்டம். ரஸ்னி படுத்துவிட்டாள்.

மெனூவின் கணவன் சுக்ரா ஊர் ஆண்களைத் திரட்டிக் குழந்தையைச் சுற்றி உட்காரவைத்தான். "சேகண்டி போனா என்ன, வாய் இருக்குல்ல!" என்றான். எல்லாரும் ஒரே குரலில் "சக்!" என்றார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி "சக்!" ஒழுங்கில் அந்த ஊர் ஆண்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஒன்றாகக் கத்தியவர்கள் ஒன்றாகத்தானே மூச்சு வாங்க வேண்டும்? அந்த இடைவெளியில் காய்ச்சல் நுழைந்தது. குழந்தையின் உடம்பு இன்னும் கொதித்தது.

அப்போது காட்டோரத்தில் குரங்குகள் கூச்சல் போட்டன. ஒரு நொடிகூட நிற்காத கூச்சல். மெனூ காதுகொடுத்துக் கேட்டாள். சட்டென எழுந்து ஓடி, குரங்குகள் வயலுக்குள் வராமலிருக்க ஊரே சேர்ந்து கட்டிய மூங்கில் வேலியைப் பிடுங்கி எறிந்தாள்.

"அடியே, பைத்தியமா உனக்கு? நெல்லு முத்தி நிக்குது!" என்று பின்னாலேயே வந்தான் சுக்ரா.

"நெல்லு அடுத்த போகமும் விளையும். எம்பொண்ணு திரும்ப வருவாளா?"

குட்டியை மார்பில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மந்தியிடம் அவள் கைகூப்பினாள். "தாயே, வயலை எடுத்துக்குங்க. உங்க சத்தத்தை மட்டும் குடுங்க."

"வயல் எங்க போகுது? முதல்ல குழந்தையைக் காட்டு" என்றது மந்தி.

குரங்குகள் ஆண்களோடு வட்டமாக உட்கார்ந்தன. ஒரு குரங்கு இன்னொன்றுக்காகக் காத்திருந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒன்று மூச்சு வாங்கும்போது இன்னொன்று "சக்" என்றது. அது ஓய்வதற்குள் மூன்றாவது. ஆண்களும் தங்கள் ஒழுங்கை மூட்டை கட்டிவைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவன் விட்ட இடத்தில் குரல் கொடுத்தார்கள். ஊசி நுழைய இடமில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்த காய்ச்சல், பொழுது சாய்வதற்குள் கடல் பக்கம் போய்விட்டது.

ரஸ்னி கண் திறந்து, "பசிக்குதும்மா" என்றாள். மெனூ உடைந்து அழுதாள்.

குரங்குகளுக்கு நன்றி சொல்ல எல்லார் மனமும் துடித்தது. ஆனால் சத்தத்தை நிறுத்த யாருக்குத் தைரியம் வரும்? அதனால் வாய் தன் பாட்டுக்கு "சக் சக்" என்றிருக்க, எல்லாரும் இரு கைகளையும் உயரத் தூக்கினார்கள். சந்தோஷத்தில் விரல்கள் நடுங்கின.

பாலியின் ஆண்கள் வாத்தியம் எதுவும் இல்லாமல் வட்டமாக உட்கார்ந்து கெச்சாக் ஆடத் தொடங்கியது அன்று முதல்தான். நடுங்கும் விரல்களோடு அவர்கள் கை தூக்கும்போதெல்லாம், ஒரு பிள்ளை பிழைத்ததற்கு இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.