வாசலோரக் குழி

மடத்தின் புது விடுதியைக் கட்டியவர் சீடர் அம்பலவாணன். துறவுக்கு முன் பொறியாளராக இருந்தவர், தலை நரைத்தவர். மூன்று மாடி, வளாகம் முழுக்கச் சிமென்ட் தரை. வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

மொட்டை மாடியில் விழும் மழையை மண்ணுக்குள் இறக்க ஒரு குழி இருந்தால்தான் புதுக் கட்டடத்துக்குச் சான்றிதழ். வாசலோரம் குழியும் இருந்தது. மேலே கூழாங்கல் பரப்பி, குருவுக்கு மாலை போட்டுப் பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்தாயிற்று. சான்றிதழ் வந்துவிட்டது.

ஐப்பசி மழையில் மடத்துக்குக் கீழே இருக்கும் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. அதுவரை அந்தத் தெரு கணுக்கால் தண்ணீர்கூடப் பார்த்ததில்லை. அந்தத் தெருவில் குடியிருந்த பவுனம்மாள் வேலைக்குப் போயிருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த அவள் கணவன் பாயிலேயே மூழ்கிச் செத்தான்.

அதன்பின் அவள் தினமும் மடத்து வாசலில் வந்து உட்கார்ந்தாள். தன் கணவர் என்ன பாவம் செய்தார் என்று கேட்டாள். அம்பலவாணன் முன்வினை என்றார். மறுநாளும் கேட்டாள். நாக்குக் கூசாமல் அவரும் அதையே சொன்னார்.

ஒன்பதாம் நாள் குருவிடம் போனார்.

"சாமி, அந்தம்மாவுக்கு என்ன ஆறுதல் சொல்றது? நான் சொல்ற எதுவும் ஏறல."

குரு ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்து குழியின் கூழாங்கற்கள்மேல் ஊற்றினார். மழை விட்டு ஒரு வாரம் ஆகியும் குழி நிறைந்தே கிடந்தது. ஊற்றியது உள்ளே இறங்காமல் விளிம்பு வழிந்து வாசலுக்கு ஓடியது. அங்கே உட்கார்ந்திருந்த பவுனம்மாள் காலைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

"எவ்வளவு ஆழம்?" என்றார் குரு.

"ஒரு முழம்."

"அடியில?"

அம்பலவாணன் குரலைத் தாழ்த்தினார். "கான்கிரீட் சாமி. சுவர்ல ஈரம் ஏறிடும்னு போட்டேன். பாக்க வர்றவங்க மேல மட்டும்தான் பாப்பாங்க."

"நானும் மேல மட்டும்தான் பாத்தேன். சிரிச்சுக்கிட்டு வேற நின்னேன்."

அம்பலவாணன் தலையைக் குனிந்துகொண்டார். இனி அவளிடம் என்னதான் சொல்வது என்று கேட்டார்.

குரு குடத்தைக் கீழே வைத்தார்.

"வினைதான். அதுல நீ தப்பாச் சொல்லல. செத்தவரோடது இல்ல, நம்மளோடதுன்னு சொல்லணும். நட."