ஈரம் காயாத ஊஞ்சல்

மல்லங்குடியை ஆண்ட எழுமலை ராஜாவுக்குக் கோபம் வந்தால் தலையை எடுக்க மாட்டார், மீசையை எடுத்துவிடுவார். அந்த ஊரில் தலை போவதைவிட அது பெரிய அவமானம். சபையில் இருந்த வல்லப்பனுக்கோ மீசைதான் சொத்து. காலையில் எழுந்து சாமி கும்பிடுவதற்கு முன்னால் அதைத்தான் முறுக்குவான்.

இளவரசிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளையோடு உட்கார்ந்து ஆட மர ஊஞ்சல் ஒன்று செய்தாயிற்று. வெள்ளைதான் பூச வேண்டும் என்று இளவரசி சொல்லிவிட்டாள். அதோடு விட்டதா? எந்த வெள்ளை என்று சபையில் சண்டை.

"மோர் வெள்ளை பூசலாம்," என்றார் தளவாய் இருளப்பர். "பளபளப்பும் வேண்டாம். பளபளத்தால் அழுக்குத் தெரியும்."

"கல்யாணப் பெண்ணை மோர்ச்சட்டியிலா உட்காரவைப்பது?" என்றான் வல்லப்பன். "சங்கு வெள்ளை பூசி, மேலே குங்கிலியம் காய்ச்சின எண்ணெயில் மெருகு ஏற்றலாம் மகாராஜா. முகம் பார்க்கலாம்."

முகம் பார்ப்பதென்றால் ராஜாவுக்குச் சாப்பாடே வேண்டாம். "அப்படியே செய்யுங்கள். ஆனால் மெருகு காயும்வரை ஒருத்தனும் தொடக்கூடாது. தொட்டவனுக்கு மீசை கிடையாது. வல்லப்பா, நீயே காவல் இரு."

வல்லப்பன் ஊஞ்சலுக்கு எதிரே உட்கார்ந்தான். ஊஞ்சல் மினுமினு என்று மின்னியது. காய்ந்திருக்குமோ? சேச்சே, நமக்கெதற்கு என்று திரும்பி உட்கார்ந்தான். முதுகு அரித்தது. மறுபடி திரும்பினான். ஒரு ஈ வந்து பலகையில் உட்கார்ந்து, எழுந்து பறந்தது. ஈயே ஒட்டவில்லையே, அப்போ காய்ந்துதான் போயிருக்கும்.

ஒற்றை விரலை வைத்தான். காயவில்லை.

பலகை நடுவில் ரேகை அத்தனையும் அச்சாக விழுந்துவிட்டது. விரலை வேட்டியில் துடைத்து நிமிர்ந்தால், எதிரே தளவாய்.

"ஓய், இது யார் விரல்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

தளவாய் ராஜாவிடம் ஓடினார். ராஜா குதித்தார். "தொட்டவனை நாளைக் காலையில் கொண்டுவந்து நிறுத்து, வல்லப்பா. இல்லாவிட்டால் உன் மீசையை எடுப்பேன்."

பாவம், கண்டுபிடித்துக் கொடுத்தாலும் அதே மீசை, கொடுக்காவிட்டாலும் அதே மீசை. மீசையைத் தடவித் தடவி ஒரு வழி யோசித்தான். ஊஞ்சலுக்கு வர்ணம் பூசியவரை ராத்திரியே கூப்பிட்டு, ரேகை மறைய இன்னொரு பூச்சு வெள்ளை பூசச் சொன்னான்.

விடிந்தது. சபை நடுவில் ஊஞ்சல் தொங்கியது. பக்கத்தில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆள் எங்கே?" என்றார் ராஜா.

"சொல்கிறேன் மகாராஜா. அதற்கு முன்னால் ஒரு சின்னத் தகராறு. ஊஞ்சல் காய்ந்துவிட்டது என்கிறேன் நான். இடது ஓரம் காயவில்லை என்கிறார் வர்ணக்காரர். சபையில் உள்ள பெரியவர்கள் பார்த்துச் சொல்லட்டும். கண்ணால் மட்டும். தொடக்கூடாது."

ஒவ்வொருவராக வந்தார்கள். குனிந்தார்கள். அக்கம்பக்கம் பார்த்தார்கள். போகும்போது எல்லாருடைய வலது கையும் அங்கவஸ்திரத்துக்குள் இருந்தது. மீசையே இல்லாத புரோகிதர் மட்டும் தைரியமாக இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நான் தொடவில்லை," என்றார் தளவாய், யாரும் கேட்காமலே. அவர் மூக்கு நுனி வெள்ளையாக இருந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லையா?" ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கினார். "இதற்கு ஒரு சபையா? இந்த ஓரம்தானே? நன்றாகக் காய்ந்து..."

விரல் ஒட்டிக்கொண்டது.

ராஜா விரலைப் பார்த்தார். நாவிதரைப் பார்த்தார். நாவிதர் ராஜாவின் மீசையைப் பார்த்தார்.

வல்லப்பன் பணிவாக ஒரு துணியை நீட்டினான். "துடைத்துக்கொள்ளுங்கள் மகாராஜா. நாவிதர் யாரிடமிருந்து ஆரம்பிக்கட்டும்?"

ராஜாவின் தொந்தி முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். நாவிதரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தம் பட்டுச் சால்வையைக் கழற்றி வல்லப்பனுக்குப் போர்த்தினார். அதிலும் ஒரு விரல் வெள்ளை.

"அதெல்லாம் சரி வல்லப்பா, நேற்றுத் தொட்டது யார்?"

"விசாரிக்கிறதென்றால் இதைத் தொடாத ஆள் ஒருத்தர் வேண்டும் மகாராஜா. இங்கே யாரும் மிச்சமில்லை. அடுத்த ராஜ்ஜியத்திலிருந்துதான் வரவழைக்க வேண்டும்."

"வேண்டாமப்பா," என்றார் ராஜா. "அவனும் வந்ததும் காய்ந்துவிட்டதா என்றுதான் கேட்பான்."