பிரசன்னா கேட்ட சைவச் சாப்பாடு

நான்ஜிங்குக்குச் சீனமொழி படிக்கப் போன கோமதி சுத்த சைவம். போன நாளிலிருந்து வெறும் வாழைப்பழம்தான்.

சீனியர் பிரசன்னாவோ சீனாவையே குத்தகைக்கு எடுத்தவர் மாதிரி, "நான் பேசாம உனக்கு இங்க ஒரு பருக்கை கிடைக்காதும்மா. கிடைச்சா உன் துணியை நான் துவைக்கிறேன், இல்லேன்னா என் துணியை நீ துவை" என்றார்.

கல்லூரி வாசல் கடையில் அவரே முதலில் தலையை ஆட்டி ஆட்டிச் சீனமொழியில் பிரசங்கம் செய்து சைவம் கேட்டார். நகத்தோடு பன்றிக்கால் வந்தது.

கோமதி சுற்றிலும் பார்த்தாள். மூலையில் கறியே தொடாத புத்த பிட்சு ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைக்கார அம்மாளிடம் பிட்சுவின் தட்டைக் காட்டி, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். சுடச்சுடச் சோறும் கீரையும் வந்தன.

"அப்படி என்னம்மா சொன்னே?"

"ஒண்ணுமே சொல்லலண்ணா. அதான் சரியா வந்திருக்கு. துணி வாளியை எங்க கொண்டுவந்து வைக்கட்டும்?"