நானூற்றைம்பது சிசியும் நாற்பத்தொன்பது வயசும்

தொண்டாமுத்தூர் ரோட்டில் தவமணியின் ஷெட்டில் அந்த வியாழக்கிழமை காலையில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தர் சொல்வதை நம்ப முடியாது. கதை அவரைப் பற்றியதுதான்.

பேர் சென்னியப்பன். வயசு நாற்பத்தொன்பது. சிங்காநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆனைகட்டிப் பக்கத்து ஓடைத் தடங்களில் டர்ட் பைக் ஓட்டியவர். பிள்ளைகள், கடை, இடுப்புப் பிடிப்பு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததில் வண்டியை விற்றுப் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. பழைய கூட்டாளிகள் ஐந்து பேர் மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தார்கள். போன வாரம் அவர்களில் ஒருவர் போன் போட்டார். "வர்ற ஞாயித்துக்கெழமை வா சென்னி. நீ ஓட்ட வேண்டாம், சும்மா கூட நின்னு வேடிக்கை பாரு. டீ வாங்கித் தர்றோம்" என்றார்.

சென்னியப்பனுக்கு டீ பிடிக்கும். வேடிக்கை பார்ப்பதுதான் பிடிக்காது. "வேடிக்கையா? நானூத்தம்பது சிசி வாங்கி ஷெட்டுல நிறுத்தியிருக்கறன்டா! நீங்க வந்து பாருங்கடா வேடிக்கை!" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். வைத்த பிறகுதான் வண்டி தேட ஆரம்பித்தார்.

கூட வந்தது மச்சினன் குழந்தைவேலு. "அவரு வண்டியில இருந்து விழுந்தாலும் பரவால்ல, வாயில இருந்து எதையாச்சும் விட்டுட்டு வந்துருவாரு. பக்கத்துலயே இரு" என்று அக்காக்காரி சொல்லி அனுப்பியிருந்தாள்.

தவமணி பழைய டர்ட் பைக்குகளை வாங்கிப் பிரித்து, சரிசெய்து விற்கிற பெண்மணி. பேச்சு குறைவு. ஆளைப் பார்த்ததும் இடுப்பு உயரத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுகிறவர்.

"ஓட்டி எத்தன வருசமாச்சுங்க?" என்று கேட்டார்.

"ஓட்டாம இருந்தாத்தானுங்க வருசத்தை எண்ணறது."

"பதினாறு" என்றான் குழந்தைவேலு.

"அப்ப லேசான வண்டியாப் பாத்துக்கலாமுங்க. சீட்டு தாழ்வா இருக்கோணும். ரெண்டு காலும் தரையில ஊனோணும். ஒரு வருசம் பழகீட்டுப் பொறவு பெரிசுக்குப் போலாம்."

"லேசா? ஆளைப் பாத்துப் பேசுங்க அம்மணி. நானூத்தம்பது எங்க நிக்குது?"

அது ஷெட்டின் கடைசியில் ஒரு மரப்பெட்டி மேல் நின்றது. அதன் சீட்டு சென்னியப்பனின் நெஞ்சுக்கு வந்தது. ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, அங்கிருந்து வண்டிமேல் ஏறினார். தவமணி ஒரு பக்கமும் குழந்தைவேலு ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு வண்டியைக் கீழே இறக்கினார்கள். சென்னியப்பனின் இடது கால் பெருவிரல் தரையைத் தேடிப் போய், நகம் படுகிற அளவுக்குத் தொட்டது. வலது கால் காற்றில் தொங்கியது. முன்பெல்லாம் இதே உயரத்தில்தானே உட்கார்ந்தோம், காலை யார் வந்து வெட்டிக்கொண்டு போனார்கள் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார்.

"கால் எட்டலீங்களே" என்றார் தவமணி.

"நிறுத்தறவனுக்குத்தானுங்க கால் எட்டோணும்" என்றார் சென்னியப்பன். "நான் நிறுத்துனதே இல்ல. ரெண்டாயிரத்து மூணு ஆடியில வண்டி ஏறுனவன், ரெண்டாயிரத்து ஏழு தையிலதான் காலைக் கீழ வெச்சன். நடுவுல மூணரை வருசம் சக்கரம் நிக்கல."

"பெட்ரோல்?" என்றான் குழந்தைவேலு.

"பங்க்குக்காரரு கொழாயைப் புடிச்சுட்டுக் கூடவே ஓடி வருவாரு. அந்தப் பழக்கத்துலதான் அவரு பொறவு ஓட்டப் பந்தயத்துல கப்பு வாங்குனது."

"சாப்பாடு?"

"உங்கக்கா வாசல்ல நின்னு இட்லிய வீசுவா. நான் வாயைத் தொறந்துட்டே வளைவுல திரும்புவன். ஒண்ணுகூடக் கீழ விழுந்ததில்ல. சட்னிதான் கொஞ்சம் செரமம்."

"மாமா, உங்க கல்யாணமே ரெண்டாயிரத்து அஞ்சுலதான். கல்யாணத்துக்கு ரெண்டு வருசம் முன்னாலயே எங்கக்கா உங்களுக்கு இட்லி வீசுச்சா?"

சென்னியப்பன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்பறம் கல்யாணம் எப்படிடா நடந்துச்சு? அந்தக் குறி தப்பாத கைக்கு மயங்கித்தான் பொண்ணே கேட்டன்!"

"கல்யாணத்தன்னைக்கு நீங்க வேன்ல வந்து எறங்குனீங்க. எறங்குன எடத்துலயே வாந்தி எடுத்தீங்க. தண்ணி கொண்டாந்து குடுத்தது நானு."

"அதத்தான் நானும் சொல்றன். நாலு சக்கரம் எனக்கு ஆகறதில்ல."

இதற்குள் வண்டி வலது பக்கமாகச் சாயத் தொடங்கியது. நூற்றுப் பத்துக் கிலோ. மூன்று பேரும் சேர்ந்து ஒருவழியாக நிமிர்த்தினார்கள். சென்னியப்பன் இறங்கிச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "இந்த வண்டி வேண்டாமுங்க. என்னையக் கண்டு நடுங்குது."

அடுத்தது இருநூற்றைம்பது, டூ ஸ்ட்ரோக். முன்னதைவிட லேசு, கொஞ்சம் தாழ்வு. கால் விரல்கள் ஐந்தும் தரையில் பட்டன. "இதுக்கு செல்ஃப் இல்லீங்க, உதைக்கோணும்" என்றார் தவமணி. சென்னியப்பன் உதைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது உதைக்குக் கிக்கர் திரும்பி வந்து அவருடைய கெண்டைக்காலில் ஒரு அடி கொடுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முட்டிக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி, மறுபடி பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"வலிக்குதுங்களா?"

"வருத்தமுங்க. இஞ்சினை உதைக்கறதுங்கறதே எனக்குப் புடிக்காத சமாச்சாரம். என்ற பழைய டூ ஸ்ட்ரோக்கை நான் ஒரு நாளும் உதைச்சதில்ல. குனிஞ்சு டேங்குகிட்ட, 'பெட்ரோல் வெலை ஏறப் போகுதாமா'ன்னு மெதுவாச் சொல்லுவன். பதறியடிச்சுட்டு ஸ்டார்ட் ஆயிரும்."

குழந்தைவேலு ஒரு டயர் மேல் உட்கார்ந்துகொண்டான். இது சீக்கிரம் முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"அதோட பொகையிருக்குதே" என்று சென்னியப்பன் கெண்டைக்காலைத் தேய்த்தபடி தொடர்ந்தார். "ஒருக்கா ஆனைகட்டி ஏத்தத்துல ரெண்டு மணி நேரம் விடாம முறுக்குனன். பொகை மேல போயி அப்படியே நின்னுக்கிச்சு. கேரளாவுல இருந்து வந்த மழை மேகம் பாத்துச்சு. சரி, நமக்கு முன்னாலயே இங்க யாரோ வந்துட்டாங்கன்னு திரும்பிப் போயிருச்சு. அந்த வருசம் கோயமுத்தூருக்கே மழை கெடையாது. வானிலை ஆபீஸ்காரங்க வீடு தேடி வந்து, 'ஐயா, உங்க பொகையத் திருப்பி எடுத்துக்கங்க'ன்னு கும்புட்டாங்க."

"எடுத்துக்கிட்டீங்களா?" தவமணியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பொறவு? வண்டிய ரிவர்ஸ்ல ஓட்டுனன். போன பொகை பூராத்தையும் சைலன்சர் உறிஞ்சிக்கிச்சு."

"டர்ட் பைக்குக்கு ரிவர்ஸ் கியர் கெடையாதுங்களே."

"அதனாலதானுங்க பத்து நாளாச்சு."

தவமணி தலையை ஆட்டிவிட்டு, கை துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போனார். அங்கே ஒரு தார்ப்பாயை விலக்கினார். உள்ளே ஒரு நூற்றைம்பது நின்றது. வெளுத்த பச்சை நிறம், ஒல்லியான உடம்பு, ஆட்டுக்குட்டி மாதிரி நின்றது. பாலக்காட்டில் ஒரு டீச்சர் ஓட்டியதாம். "செல்ஃப் இருக்குதுங்க. சும்மா உக்காந்து பாருங்க. வாங்கோணும்னு இல்ல" என்றார்.

"காத்தாட உக்காரலாம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு சென்னியப்பன் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டு காலும் தரையில் பட்டன. விரல் மட்டுமல்ல, குதிகாலும் பட்டது. கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார். வண்டி உடனே பேசியது. அந்தச் சத்தம் சீட்டு வழியாக ஏறி விலா எலும்புக்குள் போய் உட்கார்ந்தது. ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. முட்டியும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்த வண்டி வேண்டும். பதினாறு வருஷமாக எதையும் இப்படி அவர் வேண்டியதில்லை.

ஆனால் நானூத்தம்பது என்று ஐந்து பேருக்குச் சொல்லியாகிவிட்டதே. மச்சினன் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதுவரைக்கும் ஏறுவதற்கே புளுகிப் பழகியவருக்கு இப்போது இறங்குவதற்கு ஒரு புளுகு தேவைப்பட்டது. அது சின்னதாக இருந்தால் பத்தாது.

இஞ்சினை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "இத யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தன்" என்றார். "பல்லடம் பக்கம் எங்கியாச்சும் மலையப் பாத்திருக்கீங்களா அம்மணி?"

"இல்லீங்க. அது சமவெளியாச்சே."

"இருந்துச்சு."

குழந்தைவேலு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"கடைசியா நான் நானூத்தம்பது ஓட்டுன அன்னைக்கு, மருதமலை அடிவாரத்துல ஒரு சின்ன மேடு. முறுக்கி ஏத்துனன். வண்டி கெளம்பிருச்சு. மேல போறன், போறன், எறங்கற மாதிரியே தெரியல. சூலூருக்கு மேல போகையில ஒரு ஏரோப்ளேன் பக்கத்துல வந்துச்சு. சன்னலோரத்துல உக்காந்திருந்த ஒரு பெரியவரு என்னையப் பாத்து, மணி என்னன்னு சாடையிலயே கேட்டாரு. கடியாரத்தப் பாத்தன். மணி சரியாத்தான் இருந்துச்சு, தேதிதான் மாறியிருந்துச்சு. என்ற லைசென்ஸ் ஆகாசத்துலயே காலாவதி ஆயிருச்சுங்க."

"புதுப்பிக்கலீங்களா?" என்றார் தவமணி.

"அந்த ஒசரத்துல ஆபீஸ் ஏதுங்க? பொறவு எறங்குனன் பாருங்க, நேரா அந்தப் பல்லடத்து மலை உச்சியில. வண்டி எடையும் என்ற எடையும் சேந்து விழுந்ததுல, ஆணிய அடிச்ச மாதிரி மலை அப்படியே மண்ணுக்குள்ள போயிருச்சு. சுத்துப்பட்டு இருவது ஊர்ல கெணத்துத் தண்ணி பொங்கி மேல வழிஞ்சுது. ஒரு முழம் உச்சி மட்டும் வெளிய நின்னுச்சு. அதையும் ரோடு போடறப்ப செதுக்கி எடுத்துட்டாங்க."

வெளியே ஒரு டவுன் பஸ் போனது.

"அன்னைக்கு முடிவு பண்ணுனன்" என்றார் சென்னியப்பன். கை டேங்கைத் தடவிக்கொண்டிருந்தது, அது மட்டும் நடிப்பில்லை. "என்ற கையில நூத்தம்பதுக்கு மேல குடுக்கக் கூடாது. இந்த ஊருக்குன்னு மிச்சம் இருக்கறது மேக்கால நாலு மலை. அதுகளாச்சும் நல்லா இருக்கட்டும். அதனால, எனக்கு ஆசை இல்லாட்டியும், இந்தச் சின்ன வண்டியவே எடுத்துக்கறனுங்க."

குழந்தைவேலு சிரிக்க வாயைத் திறந்தான். தவமணி அவனை ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

"பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார் தவமணி. "பின்னால ஈரமண்ணுக் காடு இருக்குது. ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. முதல்ல ஸ்டாண்டை எடுங்க."

முந்தின நாள் பெய்த மழையில், உழாமல் கிடந்த அந்த நிலத்தின் செம்மண் நன்றாக ஊறியிருந்தது. முதல் சுற்றில் வண்டி குதித்துக் குதித்து இரண்டு தடவை ஆஃப் ஆனது. சென்னியப்பன் மறுபடி பொத்தானை அழுத்தினார். இரண்டாம் சுற்றில் கால்களை ஊன்றி எழுந்து நின்று ஓட்டினார். காற்று சட்டைக்குள் புகுந்தது. வாயை இறுக்கி மூடியிருந்தார். அவ்வளவு நேரம் அவர் வாய் மூடியிருந்து குழந்தைவேலு பார்த்ததே இல்லை. அதனால் சலித்துப்போய் செல்போனை எடுத்துக்கொண்டான். தவமணி கிரீஸ் கையைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.

மூன்றாம் சுற்றில் காட்டின் நடுவில் இருந்த முட்டி உயர மேட்டைப் பார்த்து வண்டியைத் திருப்பினார். வேண்டாம் என்று புத்தி சொன்னது. கை முறுக்கிவிட்டது. மேடு ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டார். உச்சியில் ஒரு கணம், சக்கரத்துக்கு அடியில் மண் உரசும் சத்தம் நின்றுபோனது. பிறகு பின்பக்கம் ஒரு அடி விழுந்தது. கண்ணைத் திறந்தபோது வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது, அவரும் அதன்மேல்தான் இருந்தார்.

ஷெட் வாசலுக்கு வந்து நிறுத்தினார். இரண்டு காலையும் ஊன்றினார்.

"பாத்தீங்களா? பறந்தனே! ஒரு ஆள் ஒசரம்!"

"ஆரம்பிச்சுட்டீங்களா மாமா" என்றான் குழந்தைவேலு, போனில் இருந்து தலையை எடுக்காமல்.

"ஒரு முழமாச்சும் இருக்கும்."

சென்னியப்பன் மேட்டைத் திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்னதைத் தானே குறைத்தார். "சரி, ஒரு சாண். அதுவும் வேண்டாம் விடு. அடியில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். எனக்கு அப்படித் தோணியிருக்கும்."

தவமணி கையைத் துடைத்துக்கொண்டே மேட்டுக்கு நடந்து போனார். அதன் அந்தப் பக்கச் சரிவில் குந்தி உட்கார்ந்தார். ஈரமண்ணில் டயர் தடம் மேடேறி வந்து, உச்சியைத் தாண்டினதும் அறுந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி ஆழமாகத் தொடங்கியிருந்தது. நடுவில் மண் சுத்தமாக இருந்தது. அந்த இடத்தில் தன் விரல் நான்கையும் சேர்த்துக் குறுக்காக வைத்துப் பார்த்தார்.

"ஒரு சாணெல்லாம் இல்லீங்க" என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார். "நாலு வெரக்கடை தூரம் பறந்திருக்கீங்க."

குழந்தைவேலு போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பார்ப்பதற்கு ஓடினான்.

சென்னியப்பன் வண்டியிலிருந்து இறங்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நெசமாலுமாங்க?" என்று கேட்டார்.