ஏரியை நிரப்பிய எழுத்துப்பிழை

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை வல்லபமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை, மாலையில் வேறொரு ஆசை.

அவன் அரண்மனையில் ஒரு கணக்கு மண்டபம் இருந்தது. கிரகணம் எப்போது வரும், பெரிய ஏரியின் மதகை எவ்வளவு திறக்கலாம், எல்லாம் அங்கேதான் கணக்காகும். அதற்கென்றே ஒரு கணக்குமொழி உண்டு. 'இதை எடு, அதோடு கூட்டு, மிஞ்சினால் இப்படிச் செய்' என்று ஓலையில் கட்டளை எழுதித் தந்தால், கணக்கர்கள் சொந்தமாக எதையும் யோசிக்காமல் எழுதியபடியே செய்து விடை சொல்வார்கள். ஓலையில் தெரியாத பெயர் வந்தால் மட்டும் கையை நிறுத்திவிட்டு மணி அடிப்பார்கள். எழுதியவர் ஓடி வந்து திருத்த வேண்டும்.

அந்த மொழிக்குப் பொறுப்பு மந்திரி அரும்பாவை. அவள் பதவிமேல் கண் வைத்திருந்தார் பேரம்பலத்தார் என்ற சபைப் பிரபு. ஒருநாள் சபையில் அவர் எழுந்தார்.

"மகாராஜா, நம் கணக்குமொழி தங்கள் பாட்டனார் காலத்தது. பக்கத்து நாட்டில் வருஷா வருஷம் புது வசதி சேர்க்கிறார்கள். நாமும் சேர்ப்போம். தெரியாத பெயர் வந்தால் மணி எதற்கு? அதைச் சுழி, அதாவது ஒன்றுமே இல்லை, என்று வைத்துக்கொண்டு மேலே போகட்டும்! தங்கள் மதியத் தூக்கமும் கெடாது."

தூக்கம் என்றதும் ராஜா நிமிர்ந்தான். "பலே! மந்திரி, என்ன சொல்கிறீர்?"

"புது வசதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அரசே. ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப எழுதாமலிருக்க ஒரு சொல் வேண்டுமென்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் இது வேண்டாம். தப்பு நடந்ததே நமக்குத் தெரியாமல் போய்விடும்."

"பொறாமை!" என்றார் பேரம்பலத்தார்.

"அப்படியானால் இவரே இப்போது சபையில் மதகுக்கான கட்டளையைப் புது முறையில் எழுதட்டும். வருகிற விடைப்படியே ஆள் அனுப்புங்கள்" என்றாள் அரும்பாவை.

ராஜா தொடையைத் தட்டினான். "ஜெயித்தால் மந்திரி பதவி உமக்கு, பேரம்பலத்தாரே! சீக்கிரம், எனக்குக் கண்ணைச் சுழற்றுகிறது!"

எழுத்தாணி பறந்தது. ஓலை மண்டபத்துக்குப் போனது. மணி அடிக்கவில்லை. தலைமைக் கணக்கர் வந்து வணங்கினார்.

"ஏரியில் இனி ஒரு சொட்டுக்கும் இடமில்லை. எல்லா மதகுகளையும் முழுதாகத் திறக்க வேண்டும்."

குதிரைக்காரன் சேதியோடு ஓடிவிட்டான். ராஜாவின் முகம் வெளுத்தது.

"என்ன உளறல் இது! நேற்றுத்தானே ஏரிக்கரையில் நடந்தேன். பாதிகூட நிரம்பவில்லையே! திறந்தால் கீழத்தெரு பிள்ளைகுட்டியோடு முழுகிப்போகுமே! கணக்கரே, நிறுத்திக் கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்க வேண்டாம் என்பதுதானே புது வசதி, மகாராஜா?"

அரும்பாவை கணக்கர் கையிலிருந்த ஓலையை வாங்கி நீட்டினாள். மேலே 'ஏரியின் கொள்ளளவு' என்று அளவு சரியாகவே இருந்தது. கீழே, கணக்குப் போடும் இடத்தில், 'கொள்ளவு' என்று இருந்தது. அவசரத்தில் ஒரு 'ள' விழுந்துவிட்டது. தெரியாத பெயர், ஆகவே சுழி. சுழி அளவு ஏரியில் ஏது இடம்?

ராஜா கிரீடம் சரிய வாசலுக்கு ஓடினான். "என் குதிரை! குதிரையைக் கொண்டு வாருங்கள்!"

"நில்லுங்கள், அரசே. ஓலை போகும்போதே கோட்டைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டேன். குதிரைக்காரன் கோட்டை வாசலில்தான் நிற்கிறான்."

ராஜா படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "என் தூக்கத்துக்காக ஒரு தெருவையே கொன்றிருப்பேனே! பிழை வரும் என்று உமக்கு எப்படித் தெரியும்?"

"நீளமாக எழுதுகிறவர் யாராயிருந்தாலும் எங்கேயாவது தவறுவார், அரசே. மணி அடித்ததில் பாதி என் பிழைகளுக்குத்தான்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அவள் கேட்ட சொல்லையும் மொழியில் சேர்க்க உத்தரவிட்டான். பிறகு பேரம்பலத்தாரிடம் திரும்பினான்.

"மந்திரி பதவி கேட்டீர். ஓரெழுத்து விழுந்தால் உமக்கு ஒன்றுமில்லை. ஆகவே 'ரி'யை விட்டுவிட்டுத் தருகிறேன். இன்றுமுதல் நீர் இந்தச் சபையின் மந்தி!"