ராஜா வாங்கிய தைலக் குடுவை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த ஒரு நாட்டில், மகுடவர்மன் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். புதிதாக யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார், அது ஒன்றுதான் குறை. அவர் சபையில் தாண்டவப்பன் என்றொரு விகடகவி. அவனைக் கண்டாலே வயிறெரியும் ஒருவரும் அங்கே இருந்தார். அவர் களஞ்சிய அதிகாரி விருத்தகிரி.

ஒரு மாசி மாதம் விருத்தகிரி கையில் மண்குடுவையோடு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, இது சர்வரோக சஞ்சீவித் தைலம். ஒரு மூட்டை நெல் கொடுப்பவருக்கு ஒரு குடுவை. வாங்கியவர் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் போதும். அவர்கள் கொண்டுவரும் நெல்லில் இவருக்கு ஒரு பங்கு, இவரைச் சேர்த்தவருக்கு ஒரு பங்கு, இப்படியே மேலே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பிறகு யாரும் உழவே வேண்டாம். உட்கார்ந்த இடத்துக்கு நெல் வரும்!"

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். "எத்தனை அருமையான யோசனை! தாண்டவப்பா, நீ என்ன சொல்கிறாய்?"

"எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் நெல்லை விளைவிப்பது யார் மகாராஜா?"

சபையில் சிலர் சிரித்தார்கள். விருத்தகிரிக்கு முகம் கறுத்தது. ஆனால் அவர் இதற்காகவே காத்திருந்தவர். "சேராதவனுக்குத்தான் சந்தேகம் வரும், பிரபு. ஆள் சேர்க்கும் பொறுப்பை இவரிடமே கொடுத்துப் பாருங்கள்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. "பொன்னேர் பூட்டும் நாளுக்குள் என் நாட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் சேர்ந்திருக்க வேண்டும். ஒரே ஒருவர் விடுபட்டாலும் நீ இந்த நாட்டில் இருக்கக் கூடாது."

விருத்தகிரி மீசையைத் தடவிக்கொண்டார். எல்லோரும் சேர்ந்தால் நெல் அவருக்கு. எங்கோ காட்டில் ஆடு மேய்க்கும் ஒருவன் விடுபட்டால் தாண்டவப்பன் ஒழிந்தான். இரண்டுமே அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்தான்.

தாண்டவப்பன் ஊர் ஊராகப் போய்த் தண்டோரா போட்டான். ராஜ கட்டளை என்றதும் ஜனங்கள் மறுபேச்சுப் பேசவில்லை. அறுவடை நெல் தீர்ந்துபோன வீடுகளில் விதைநெல் மூட்டையையே தூக்கிக் கொடுத்தார்கள். யாருக்கும் கவலை இல்லை. பொன்னேர் அன்று ராஜா முதல் ஏர் ஓட்டி முதல் விதை விதைப்பார், அதைப் பார்க்க நாடே திரண்டு வரும். அந்தக் கூட்டத்தில் மூன்று பேர் கிடைக்காமலா போய்விடுவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

பொன்னேருக்கு முதல் நாள் காலை, அரண்மனை வாசல் தெளிக்கும் காத்தாயி தாண்டவப்பன் முன்னால் வந்து அழுதாள்.

"சாமி, புருசன் போன பெறகு எனக்குன்னு இருந்தது அந்த ஒரு மூட்டை வெதநெல்லுதான். நீங்க தண்டோரா போட்டீங்கன்னு அதையும் குடுத்துட்டேன். நாலு ஊரு அலைஞ்சுட்டேன், எல்லாரு கையிலயும் குடுவை இருக்குது. இனி நான் எதை வெதைப்பேன்? எம்புள்ளைங்களுக்கு எதைப் போடுவேன்?"

"நாளைக்குப் புதுக் குடுவை ஒண்ணு எடுத்துக்கிட்டு முன்வரிசையில வந்து நில்லு, காத்தாயி. உனக்கு ஒரு பெரிய இடமா பாத்து வெச்சிருக்கேன்" என்றான் தாண்டவப்பன்.

மறுநாள் வயலில் நாடே திரண்டிருந்தது. எல்லோர் கையிலும் குடுவை. ராஜா பொன்முலாம் பூசிய ஏரில் கைவைத்தார். பக்கத்தில் விதைக் கூடை இருந்தது.

"தாண்டவப்பா, எல்லோரும் சேர்ந்தாயிற்றா?"

"ஒருவர் பாக்கி, மகாராஜா."

விருத்தகிரி துள்ளி முன்னால் வந்தார். "கேட்டீர்களா பிரபு! நாடு கடத்துங்கள் இவரை! யார் ஐயா அந்த ஒருவர்?"

"மகாராஜாதான்" என்றான் தாண்டவப்பன். "இந்த நாட்டில் இருப்பவர்தானே அவரும்? ஒருவர் பாக்கியில்லாமல் என்பது கட்டளை. காத்தாயி, கொடு."

காத்தாயி குடுவையை நீட்டினாள். கட்டளை ராஜாவே போட்டதாயிற்றே! ராஜா குடுவையை வாங்கிக்கொண்டு, விலையாக விதைக் கூடையை அவளிடம் கொடுத்தார். அவள் தன் பங்காக ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, தன்னைச் சேர்த்த குயவனிடம் கூடையைத் தந்தாள். அவன் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வாணியனிடம் தந்தான். இப்படியே பத்துக் கை மாறி, மிச்சம் அத்தனையும் விருத்தகிரியின் சாக்கில் விழுந்தது. காலிக் கூடை மட்டும் ராஜாவிடம் திரும்பி வந்தது.

"இருக்கட்டும், நானும் மூவரைச் சேர்க்கிறேன்" என்று ராஜா குடுவையோடு வரிசை வரிசையாகப் போனார். போன இடமெல்லாம், "நாங்க சேந்தாச்சு மகாராஜா, எனக்கே மூணு பேரு கொறையுது, நீங்க இன்னொண்ணு வாங்கிக்கங்க" என்று அவர் முகத்துக்கு நேரே குடுவைகள் நீண்டன. அப்போதுதான் ஜனங்களும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். விற்க வந்தவர்கள்தான் அந்த வயல் முழுக்க நின்றார்கள். வாங்க ஒருவரும் இல்லை.

ராஜா ஏரடிக்குத் திரும்பி வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "மிச்சம் இந்த இரண்டு மாடுகள்தான் போலிருக்கிறதே!"

"அவற்றிடம் விதைநெல் இல்லை மகாராஜா. இருந்திருந்தால் விருத்தகிரியார் விட்டிருக்க மாட்டார்."

ராஜா காலிக் கூடையைப் பார்த்தார். "நேரம் தவறுகிறதே. இனி நான் எதை விதைப்பேன்?"

"நேற்று காத்தாயியும் இதையேதான் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கேள்வியைத் தங்களிடமே கொண்டு வந்தேன்."

காத்தாயி மெல்ல முன்னால் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த ஒரு பிடி நெல்லைக் கூடையில் போட்டாள். "இது உங்க நெல்லுதான் சாமி. இதை வெதைங்க."

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. முதல் சால் உழுது, அந்த ஒரு பிடியைத்தான் அன்று முதல் விதையாக விதைத்தார். பிறகு களஞ்சியத்தைத் திறந்து, மாலைக்குள் ஒவ்வொரு மூட்டையும் அதனதன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கட்டளையிட்டார். தைலம் முழுவதையும் தம் கையாலேயே நாட்டிலுள்ள உழவு மாடுகளுக்குத் தேய்த்துவிடும் வேலை விருத்தகிரிக்குக் கிடைத்தது.

தாண்டவப்பனை அருகே அழைத்து, தம் கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி நீட்டினார் ராஜா. அவன் வாங்காமல் தயங்கி நின்றான்.

"என்ன யோசனை?"

"ஒன்றுமில்லை மகாராஜா. இதை வாங்கிக்கொண்டால் நான் எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும்?"

ராஜா சிரித்த சிரிப்பில் பொன்னேர் மாடுகள் தாமாகவே இரண்டாம் சால் உழ ஆரம்பித்துவிட்டன.