நான் சொன்னாலும் கேட்காதீர்கள்

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. இரண்டு பேர் ஒரே மனிதருக்கு ஒரே வாக்கைக் கொடுத்தார்கள். ஒருவர் காப்பாற்றினார், மற்றவர் மீறினார். நிதானமாகக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

தூத்துக்குடியில், துறைமுகச் சாலையை ஒட்டிய ஒரு மாடியில் செண்பகவல்லியும் இசக்கிமுத்துவும் கூட்டாகப் பங்குத் தரகு அலுவலகம் நடத்திவந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். வயதில் மூத்தவர் என்பதால் அவரை அவள் அண்ணாச்சி என்பாள். சொன்ன சொல் மாறாதவள் என்ற பெயர் செண்பகவல்லிக்கு இருந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் லம்பர்ட் மச்சாது அங்கே படியேறி வந்தார்.

லம்பர்ட் எண்ணெய்க் கப்பல்களில் இருபத்தொன்பது ஆண்டுகள் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எண்ணெய் விலை விழறத நான் நடுக்கடல்ல இருந்து பாத்திருக்கேன்" என்றார். "வாங்க ஆளில்லாம கப்பல் கப்பலா நங்கூரம் போட்டுக் கெடக்கும். எல்லாம் முடிஞ்சுதுன்னு பேசுவாங்க. பெறவு ஏறும். இது எனக்குத் தெரியும். ஆனா வாங்க வேண்டிய நேரத்துல கை நடுங்கிருது. ரெண்டு தடவை ஓடிட்டேன்."

ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். அன்று அதன் பங்கு இருநூற்று நாற்பது ரூபாய்.

"இது என்னைக்கு நூறைத் தொடுதோ, அன்னைக்கு என் இருபது லட்சத்தையும் போட்டுருங்க. அந்த நேரத்துல நான் போன் பண்ணி வேண்டாம்பேன். கேக்காதீங்க."

"நியாயமான காரணம் சொன்னீங்கன்னா?" என்று கேட்டார் இசக்கிமுத்து.

"நியாயமாத்தான் சொல்லுவேன். போன தடவை என் பொஞ்சாதி பிலோமினாள ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு தரகர்கிட்ட பொய் சொன்னேன். அவ அடுப்படியில சீலா மீன் பொரிச்சிக்கிட்டு இருந்தா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. பணத்தை இரண்டு கணக்குகளாகப் பிரித்து, ஆளுக்குப் பத்து லட்சமாக ஒப்படைத்தார். ஒருவர் இரங்கினாலும் மற்றவர் உறுதியாக நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இருவருக்கும் தனித்தனியாக இதையே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இருவரும் வாக்குக் கொடுத்தார்கள்.

பதினான்கு மாதம் கழித்து உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரியத் தொடங்கியது. பங்கு நூற்று அறுபதுக்கு வந்தது, பிறகு நூற்றுப் பன்னிரண்டு. எண்ணெயின் காலமே முடிந்தது என்று தொலைக்காட்சியில் பேசினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அது நூறைத் தொட்டது. செண்பகவல்லி கணினியில் கை வைக்கும்போதே போன் அடித்தது.

"செண்பகம், வாங்க வேண்டாம்மா. பிலோமினாளுக்கு நெஞ்சுவலி. மதுரைக்குக் கொண்டு போய்க்கிட்டு இருக்கோம். பணம் வேணும்மா. அண்ணாச்சிகிட்டயும் சொல்லிரு."

குரல் நடுங்கியது. தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தாள், கிடைக்கவில்லை. அவர் வீட்டுத் தொலைபேசியும் அடித்து அடித்து ஓய்ந்தது. பயந்தவன் குரலும் இப்படித்தான் நடுங்கும், மனைவி சாகக் கிடப்பவன் குரலும் இப்படித்தான் நடுங்கும். கேட்டுப் பிரித்தறிய அவளால் முடியவில்லை.

"அண்ணாச்சி, லம்பர்ட் அதே ஆஸ்பத்திரிப் பொய்யச் சொல்லுதாரு."

"பொய்யின்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நெசம்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த மாதிரி சொல்லுவேன், கேக்காதீங்கன்னுதான எழுதிக் குடுத்தாரு? இன்னைக்கு விட்டா, நீயும் என்ன ஓட விட்டுட்டியேன்னு நாளைக்கு வந்து நிப்பாரு."

"நிக்கட்டும்" என்றார் இசக்கிமுத்து. "நான் வாங்கல."

செண்பகவல்லி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். தன் பொறுப்பில் இருந்த பத்து லட்சத்துக்கும் வாங்கினாள்.

லம்பர்ட் சொன்னது உண்மை. பிலோமினாளுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டியிருந்தது. செலவு பன்னிரண்டு லட்சம். இசக்கிமுத்து தொடாமல் வைத்திருந்த பத்து லட்சம் உடனே மருத்துவமனைக்குப் போனது. அதற்குள் பங்கு எழுபத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. அந்த விலைக்கு விற்க மனமில்லாமல், மிச்சத்துக்கு மனைவியின் வளையல்களை அடகு வைத்தார் லம்பர்ட். அவள் பிழைத்தாள். அந்த மூன்று வாரமும் செண்பகவல்லி சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு ஆண்டில் பங்கு இருநூற்று அறுபதைத் தாண்டியது. கணவனும் மனைவியும் மக்ரூன் இனிப்புப் பெட்டியோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். லம்பர்ட் பெட்டியைச் செண்பகவல்லியிடம் நீட்டினார்.

"நீ ஒருத்திதாம்மா சொன்ன சொல்லுல நின்ன." பிறகு இசக்கிமுத்துவைப் பார்த்து, "நீங்களும் அன்னைக்குக் கேக்காம இருந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கி, பக்கத்தில் மனைவி நிற்பது உறைக்க, அப்படியே நிறுத்தினார்.

பிலோமினாள் இசக்கிமுத்துவைப் பார்த்துக் கைகூப்பினாள். செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போது சொல்லுங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, எது உண்மை என்று இருவருக்குமே தெரியாத அந்த நேரத்தில், சரியாக நடந்துகொண்டவர் யார்?

விடை: இசக்கிமுத்து. பங்கு பின்னால் ஏறியதையும், நோய் உண்மையாகிப் போனதையும் தள்ளிவைத்துவிட்டுப் பாருங்கள். அன்று இருவருமே இருட்டில்தான் நின்றார்கள். ஆனால் இசக்கிமுத்துவின் கணிப்புத் தவறியிருந்தால் லம்பர்டுக்கு ஒரு லாபம் போயிருக்கும். செண்பகவல்லியைப் போல இருவரும் வாங்கியிருந்தால், பங்கை விற்றுப் பணம் கைக்கு வருவதற்குள் ஓர் உயிரே போயிருக்கலாம். தன் பயத்துக்கு எதிராக ஒருவன் தன்னைக் கட்டிப்போடச் சொல்லலாம். கூட இருப்பவளின் உயிரையும் சேர்த்துக் கட்டிப்போடும் உரிமை அவனுக்கு இல்லை, கட்டுகிறவருக்கும் இல்லை. வாக்கைக் காப்பாற்றியவள் என்று ஊர் இன்றும் செண்பகவல்லியைத்தான் புகழ்கிறது. அவளோ, "நான் சொன்னாலும் கேட்காதே" என்று யார் எழுதிக் கொடுத்தாலும் இப்போது கைநீட்டி வாங்குவதில்லை.